கூட்டிப் போனவன், கூடப் போனவன்

அப்டோன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு சொல்லின் கடைசி அசை விடுபட்டிருந்தது. அது அவனுக்குத் தெரிய வந்தபோது மைத்துனனைப் புதைத்து ஆறு வாரம் ஆகியிருந்தது.

சொன்னவள் அவன் மனைவி சலூத். நஷ்டஈடு கேட்டதற்கு மீன்பண்ணை முதலாளியின் வக்கீலிடமிருந்து பதிலாக வந்த கடிதத்தை அவள் பள்ளிக்கூடத்து டீச்சரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே பேசினாள்.

"தம்பி அவங்க ஆளே இல்லையாம். யாரும் அவனை வேலைக்கு அனுப்பலையாம். புயல்ல அவனைப் பண்ணைக்குக் கூட்டிட்டுப் போனது நீதானாம். நீயே எழுதிக் குடுத்திருக்கியாம்."

"நான் அப்படிச் சொல்லலையே."

"கீழ உன் கையெழுத்து இருக்கு. டீச்சர் காட்டினாங்க. கோணலா, உன் கையெழுத்தேதான்."

"அவன்கூடப் போனேன்னுதான் சொன்னேன் சலூத். உங்கிட்ட என்ன சொன்னேனோ அதையேதான் அங்கயும் சொன்னேன்."

"எங்கிட்ட நம்ம பாஷையில சொன்ன. அங்க அவங்க பாஷையில சொன்ன." அவள் கடிதத்தை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். "ரெண்டுல எது நிஜம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இருவரும் சாமார் தீவுக்காரர்கள். தாய்மொழி வாராய். லகூனா ஏரி நடுவில் இருந்த இந்தத் தீவுக்குப் பண்ணை வேலைக்காக வந்து பதினோரு வருடம் ஆயிற்று. அத்தனை வருடமும் அப்டோன் ஏரிக்காரர்களின் தகாலோக் மொழியில் பிழைத்து வந்தான். பேசினான் என்று சொல்ல முடியாது. சொற்கள் அவனுக்குத் தெரியும். அந்தச் சொற்களின் தலையிலும் வயிற்றிலும் வாலிலும் ஒட்டிக்கொள்ளும் துண்டுகள்தான் பிடிபடவில்லை. பெரும்பாலான வினைகளுக்கு முன்னால் ஒரு 'நக்' போட்டுப் பேசிவிடுவான். தெற்கேயிருந்து வருகிற எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான் அது. தகாலோக்கில் 'புமிலி' என்றால் வாங்கினேன், 'நக்பிலி' என்றால் விற்றேன். பால்மாவு வாங்கிக்கொண்டு காசை நீட்டி "நக்பிலி" என்பான். கடைக்காரி அவ்ரிங் சும்மா விடமாட்டாள்.

"எங்கிட்டயா வித்த? நான் வாங்கவே இல்லையேப்பா. அப்ப நீதான் எனக்குப் பாக்கி சில்லறை தரணும்."

கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அப்டோனும் சேர்ந்து சிரிப்பான். பதினோரு வருடத்தில் அந்தத் துண்டுகளால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

ரெமி, அதாவது ரெமிஹியோ, சலூத்தின் ஒரே தம்பி. இருபத்திரண்டு வயது. அந்த வருடம் பிப்ரவரியில் ஊரிலிருந்து வந்தான். டிக்கெட்டுக்குப் பணம் அனுப்பி வரவழைத்தவன் அப்டோன்தான். ஒல்லியான உடம்பு, நன்றாக முங்கி நீந்துவான். வலையில் கிழிசல் இருந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு அடியிலேயே தைத்துவிட்டு மேலே வருவான். பண்ணை மேஸ்திரி தாசியோ தேவைப்படும்போதெல்லாம் அவனைக் கூப்பிட்டுக்கொள்வான். அன்றன்றைக்குக் கூலி கையில் கொடுத்துவிடுவான். பெயரை எந்தத் தாளிலும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அக்டோபர் கடைசியில் ஏரிக்குப் புயல் எச்சரிக்கை ஏற்றினார்கள். காலை ஏழு மணிக்கு தாசியோ படகை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தான். அப்டோனுக்கு அன்று விடுமுறை. ரெமி கருவாடும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ரெமி, நீ போய் மேக்கால வலையை இறக்கிக் கட்டிட்டு வந்துரு. மதியத்துக்குள்ள முடிஞ்சிரும். இல்லைன்னா பால்கெண்டை முச்சூடும் ஏரிக்குப் போயிரும், முதலாளி என் தோலை உரிச்சிருவாரு."

ரெமி சோற்றில் கை வைத்தபடி அத்தானைப் பார்த்தான். அந்தப் பார்வையை அப்டோன் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. வேண்டாம் என்று சொல்லுங்கள் என்கிற பார்வையா, போகட்டுமா என்று கேட்கிற பார்வையா என்பது அவனுக்குப் புரிந்ததே இல்லை.

"தனியா அனுப்பாதீங்க மேஸ்திரி. நானும் கூடப் போறேன்" என்றான் அப்டோன்.

"அது உன் இஷ்டம். உனக்கு இன்னிக்குக் கூலி கிடையாது, சொல்லிட்டேன்."

வலையை இறக்கிக் கட்டி முடித்தார்கள். திரும்புவதற்குள் காற்று பிடித்துக்கொண்டது. மூங்கில் கால்களின் மேல் நின்ற காவல் குடிசைக்குள் ஏறி உட்கார்ந்தார்கள். இரண்டு மணிநேரம் தாங்கிய குடிசை அப்புறம் தாங்கவில்லை. மறுநாள் காலை அப்டோனை ஒரு மூங்கிலோடு சேர்த்துப் படகுக்காரர்கள் தூக்கினார்கள். மூன்றாம் நாள் ஆகாயத்தாமரை ஒதுங்கிக் கிடந்த கரையில் ரெமி கிடைத்தான்.

அன்று மாலையே ஊர்மன்றத்தில் வாக்குமூலம் எழுதினார்கள். எழுத்தர் பொறுமையானவர்தான். அப்டோனுக்குக் காய்ச்சல், உள்ளங்கையெல்லாம் மூங்கில் கிழித்த காயம். எப்படி நடந்தது என்று கேட்டார்கள். அவன் "ஸினாமா கோ ஸி ரெமி" என்றான். எழுத்தர் தட்டச்சு செய்தார், வேகமாகப் படித்துக் காட்டினார், அப்டோன் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டான். அவன் மனதில் இருந்தது ரெமியின் வாய்க்குள் இருந்த மண்தான்.

ஸினாமா கோ என்றால் 'கூட்டிக்கொண்டு போனேன்'. அவன் சொல்ல நினைத்தது ஸினமாஹன் கோ: 'கூடப் போனேன்'. கடைசியில் ஒரு 'ஹன்' விட்டுப்போயிற்று.

*

டீச்சர் மரிவிக் அந்தத் தீவிலேயே பிறந்தவள். அப்டோனைவிட ஏழெட்டு வயது சிறியவள். ஆறாம் வகுப்புக்குத் தகாலோக் இலக்கணம் எடுப்பவள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தவளை அப்டோன் தேவாலயத்துப் படியில் மறித்தான்.

"டீச்சர், அந்த ஹன் எனக்கு எங்க வைக்கிறதுன்னு தெரியணும்."

"அது ஒண்ணை மட்டும் சொல்லிக்குடுத்தா நாளைக்கே மறந்துருவீங்கண்ணே. முழுசும்தான் கத்துக்கணும்."

"கத்துக்கறேன்."

"ஆறாங்கிளாஸ் புள்ளைங்களுக்கே ஒரு வருஷம் ஆவுது. அதுங்களுக்கு இது தாய்மொழி."

"ஆகட்டும்."

ஞாயிறுதோறும் மதியம் இரண்டு மணிக்குச் சிறு பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து கற்றுக்கொண்டான். மரிவிக் கரும்பலகையில் ஒரே வாக்கியத்தை நாலு விதமாக எழுதினாள். மனிதன், மீன், சந்தை, குழந்தை. மனிதன் குழந்தைக்காகச் சந்தையில் மீன் வாங்கினான்.

"நடந்தது ஒண்ணுதான். ஆனா எங்க பாஷையில வினைச்சொல்லுதான் விளக்கைக் கையில வச்சிருக்கு. யார் மேல வெளிச்சம் அடிக்கணும்னு அதுதான் முடிவு பண்ணும். வயித்துல 'உம்' வந்தா வெளிச்சம் வாங்கினவன் மேல. 'இன்' வந்தா மீன் மேல. வாலுல 'அன்', 'ஹன்' வந்தா இடத்து மேல, இல்லைன்னா யாரை நோக்கிப் போனோமோ அந்த ஆள் மேல. தலையில 'இ' வந்தா நம்ம கையோட போற பொருள் மேல, இல்ல யாருக்காகச் செஞ்சோமோ அவங்க மேல."

"மத்தவங்க எல்லாம்?"

"இருப்பாங்க. இருட்டுல நிப்பாங்க."

அப்டோன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தானாகவே எழுந்து போய், சாக்பீஸை எடுத்து, தப்புத் தப்பாக 'ஸாமா' என்று எழுதினான். சேர்ந்திருத்தல் என்று பொருள் தரும் வேர்ச்சொல் அது.

"இதைப் போட்டுக் காட்டுங்க டீச்சர்."

அவள் போட்டுக் காட்டினாள். ஸுமாமா: அவன் தானாகக் கூட வந்தான். இஸினாமா: நான் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன், பேச்சில் முன்னால் இருக்கும் இ விழுந்துவிடும், அப்போது அது ஸினாமா. ஸினமாஹன்: அவன் போகிற இடத்துக்கு நான் துணைக்குப் போனேன்.

"இஸினாமான்னு சொன்னா போறவரு நீங்க, அவன் உங்க கையில இருக்கிற பை மாதிரி. ஸினமாஹன்னா போறவன் அவன், நீங்க பக்கத்துல நடக்கறவரு. நீங்க சொன்னதுல நீங்க அவனைப் பையா ஆக்கிட்டீங்கண்ணே."

சொல்லி முடித்த பிறகுதான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்கு உறைத்தது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கைக்குட்டையால் விரலைத் துடைத்தாள். அப்டோன் மூன்று வரிகளையும் நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டான்.

வாரநாட்களில் படகில் போகும்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வான். வலையை இழுத்தேன், வலை இழுபட்டது, வலையிலிருந்து இழுத்தேன், வலையால் இழுத்தேன். மற்ற ஆட்கள் கேலி செய்தார்கள்.

"அப்டோன் பாதிரியாராகப் போறான்டா. ஜெபம் பண்றான் பாரு."

"இல்லடா, டீச்சரம்மாகிட்ட ட்யூஷன். இந்த வயசுல."

அவ்ரிங் கடையில் அவன் முதல் முறையாக "புமிலி" என்று சரியாகச் சொன்ன நாளில் அவள் சில்லறையை எண்ணாமலே கொடுத்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எதற்காகக் கற்றுக்கொள்கிறான் என்று தீவு முழுவதற்கும் தெரிந்திருந்தது.

சலூத் மட்டும் கேட்டதில்லை. நோட்டு மேசைமேல் கிடந்தால் ஓரமாக ஒதுக்கிவிட்டு மீனை நறுக்குவாள். தேவையானதற்கு மட்டும் பேசினாள். சோறு இருக்கு. மண்ணெண்ணெய் தீர்ந்துபோச்சு. அம்மா போன் பண்ணாங்க. அம்மா என்ன சொன்னார்கள் என்று அப்டோன் கேட்டால், "ஒண்ணும் சொல்லல" என்பாள். மாமியார் அழவேயில்லை என்று மட்டும் ஊரிலிருந்து வந்த ஒருவன் சொன்னான். மகன் இறந்த செய்தி கேட்டு, வெந்துகொண்டிருந்த கிழங்குப் பானையை இறக்கி வைத்துவிட்டு, மறுபடியும் அடுப்பை மூட்டினாளாம்.

*

பிப்ரவரி வாக்கில் மரிவிக் 'ந' என்ற முன்னொட்டுக்கு வந்தாள். ரொம்பச் சின்னதுதான், ஆனால் தகாலோக்காரன் தினமும் நூறு தடவை சொல்வான் என்றாள்.

"வேணும்னு செஞ்சதுக்கு ஒரு உருவம், கை தவறி நடந்ததுக்கு ஒரு உருவம். பினாஸக்: கண்ணாடியை உடைச்சான். நபாஸக்: கண்ணாடி உடைஞ்சுபோச்சு. என் கிளாஸ் பசங்களுக்கு இது மட்டும் சொல்லிக்குடுக்கவே வேண்டாம். ஜன்னல் உடைஞ்சா எல்லாம் ஒரே குரல்ல நபாஸக்னு கத்தும்."

அப்டோன் புன்னகை செய்தான். அவள் வேர்ச்சொற்களைப் பலகையில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் இரண்டு விதமாகச் சொல்லச் சொன்னாள். கொட்டு, கொட்டிப்போச்சு. தூங்கினேன், தூங்கிட்டேன் போல. மிதி, மிதிபட்டுது. அவன் தடுமாறாமல் சொல்லிக்கொண்டே வந்தான். ஏழாவதாக அவள் எழுதியது 'பித்தாவ்'. பிடியை விடுதல்.

"சொல்லுங்கண்ணே."

அவன் நோட்டின் ஓரத்தை மடித்தான்.

"சுலபமானதுதான். பினித்தாவன் கோ, நான் விட்டேன். நபித்தாவன் கோ, என் கையிலேர்ந்து..."

"தெரியுது டீச்சர்."

"அப்ப ஒரு வாக்கியம் சொல்லுங்க."

அப்டோன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். குடிசை சரிந்தபோது அவன் ஒரு கையால் மூங்கிலையும் மறு கையால் ரெமியின் மணிக்கட்டையும் பிடித்திருந்தான். ஆகாயத்தாமரை ஒரு வயல் அளவுக்குப் பெயர்ந்து வந்து ரெமியின் மேல் ஏறியது. அதன் கனம் முழுவதும் ரெமியின் கை வழியாக அப்டோனின் தோளில் இறங்கியது. தோள் பிய்ந்துவிடும் போலிருந்தது. மூங்கிலை விட வேண்டும், அல்லது மணிக்கட்டை விட வேண்டும் என்று நினைத்தது அவனுக்கு நினைவிருக்கிறது. அதற்கு அடுத்த நினைவில் அந்தக் கை வெறுமையாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது எத்தனை முறை தேடியும் கிடைக்கவில்லை.

"இது வேண்டாம் டீச்சர். அடுத்ததுக்குப் போங்க."

மரிவிக் அவன் முகத்தைப் பார்த்தாள். பலகையில் அந்த ஒரு வரியை மட்டும் கையால் அழித்தாள். அடுத்த சொல்லுக்குப் போகவில்லை. அன்றைக்குப் பாடம் அத்தோடு முடிந்தது.

*

மார்ச் மாதம் கரையிலிருந்த ஊரின் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. சலூத் கறுப்பு உடை உடுத்திக்கொண்டு வந்து சுவரோரமாக உட்கார்ந்தாள். விசாரணை அதிகாரி நடுவயதுப் பெண்மணி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். முதலாளி வரவில்லை. அவருடைய வக்கீலும் மேஸ்திரி தாசியோவும் வந்திருந்தார்கள்.

அப்டோன் எழுந்து நின்று சொன்னான். மேஸ்திரி காலையில் வந்தார். ரெமியைப் போகச் சொன்னார். தனியாக அனுப்ப மனமில்லாமல் நான் அவன்கூடப் போனேன். ஸினமாஹன் கோ. ஒவ்வொரு வினையும் தலையும் வாலும் சரியாக வந்து நின்றது. பேசும்போதே அவனுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி பரவியது. பதினோரு வருடத்தில் அந்த ஏரிக்கரையில் அவன் முழுசாக ஒரு விஷயத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வக்கீல் இளவயதுக்காரர். மரியாதையாகவே பேசினார்.

"அப்டோன் அண்ணே, ரொம்ப நல்லாப் பேசுறீங்க. கடையில பால்மாவு வாங்கினதைச் சொல்லணும்னா எப்படிச் சொல்வீங்க?"

"புமிலி அகோ."

"வித்தேன்னு சொல்றதுக்கு?"

"நக்பிலி."

வக்கீல் தாசியோவைத் திரும்பிப் பார்த்தார். தாசியோ தலையைக் குனிந்துகொண்டு, "போன வருஷம் வரைக்கும் எல்லாத்துக்கும் நக்தாங்க போடுவான். ஊரே சிரிக்கும்" என்றான்.

"யாருகிட்டண்ணே கத்துக்கிட்டீங்க?"

"டீச்சர்கிட்ட."

"எப்பேர்ந்து?"

"டிசம்பர்லேர்ந்து."

"அதாவது, எங்க கடிதம் வந்ததுக்கப்புறம். இந்த ஒரு சொல்லை இங்க வந்து இப்படிச் சொல்றதுக்காகத்தான் கத்துக்கிட்டீங்க, இல்லையா?"

"ஆமா" என்றான் அப்டோன். அது உண்மை. உண்மையைச் சொல்லத்தான் வந்திருந்தான்.

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தாசியோவின் முறை வந்தபோது, தான் அன்று காலை அப்டோனிடம்தான் வேலை சொன்னதாகவும், அந்தப் பையன் எப்படிப் போனான் என்று தனக்குத் தெரியாதென்றும் சொன்னான். சொல்லும்போது அவன் சலூத் இருந்த பக்கம் பார்க்கவில்லை.

அதிகாரி கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். "தண்ணியில என்ன ஆச்சுன்னும் சொல்லிருங்க. பதிவு பண்ணணும்."

"அலை வந்துச்சு" என்றான் அப்டோன். "அப்புறம் அவன் இல்ல."

இல்லை என்று சொல்லத் தகாலோக்கில் வினை தேவையில்லை. ஒட்டும் வேண்டாம், வாலும் வேண்டாம். அதிகாரி எழுதிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. சம்பவம் நடந்த உடனே யாரும் சொல்லிக்கொடுக்காமல் கொடுத்த வாக்குமூலமே நம்பத்தக்கது. பயிற்சிக்குப் பிறகு கொடுத்ததை ஏற்பதற்கில்லை. ரெமிஹியோ பண்ணையின் தொழிலாளி என்பதற்கும் ஆதாரம் இல்லை. வழக்கில் சாட்சிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததாகத் தலைமையாசிரியர் மரிவிக்கைக் கூப்பிட்டுக் கண்டித்தார். ஞாயிற்றுக்கிழமை வகுப்பறைக்குப் பூட்டுப் போட்டார்கள். அவள் ஒரு நாள் அப்டோனை வழியில் பார்த்து, "மன்னிச்சிருங்கண்ணே. நான் நல்லாச் சொல்லிக்குடுத்துட்டேன்" என்றாள். அழுதுகொண்டே சொன்னதால் அது கேலி இல்லை என்று தெரிந்தது.

*

ஆனால் சலூத் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. விசாரணை முடிந்து படகில் திரும்பும்போதே கேட்டுவிட்டாள்.

"உள்ள ரேடியோவுல செய்தி வாசிக்கிறவன் மாதிரிப் பேசின. நம்ம ரெமி கேட்டிருந்தா ஆளையே அடையாளம் தெரிஞ்சிருக்காது." கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தாள். "எல்லாத்தையும் அவ்வளவு சரியாச் சொன்னவன் நடுவுல ஒண்ணை விட்டுட்ட. அலை வந்துச்சு, அவன் இல்ல. நடுவுல என்ன?"

படகோட்டிக்கு வாராய் தெரியாது. அப்டோன் சொன்னான். மணிக்கட்டு, மூங்கில், ஆகாயத்தாமரை, தோள். வெறுங்கை.

"நீயா விட்டியா, விட்டுப்போச்சா?"

"தெரியல சலூத்."

"உன் கை. உனக்குத் தெரியாதா?"

"தெரியல."

அதன் பிறகு அவள் அவ்வப்போது அதைக் கேட்டாள். சண்டையாக இல்லை. மீன் அரியும்போது, துணி காயப்போடும்போது, ஏதோ விலை கேட்பதுபோல, தலை நிமிராமல். நீயா விட்டியா, விட்டுப்போச்சா? தெரியல. வாராயிலும் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது, தகாலோக்கில் இருப்பதைப் போலவே. ஏப்ரலில் கேட்டாள். மழை தொடங்கியபோது கேட்டாள். அப்டோன் வேறொரு பண்ணையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அவனுடைய தகாலோக்கைக் கேட்டவர்கள் அவன் இந்த ஏரிக்காரன் என்றே நினைத்தார்கள். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் நக் போட்டுப் பேசும்போது மற்றவர்கள் சிரித்தால் அவன் எழுந்து போய்விடுவான்.

செப்டம்பரில் ஒரு மாலை. சலூத் கெளுத்தி மீனைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயா விட்டியா, விட்டுப்போச்சா?"

அப்டோன் வாசலில் உட்கார்ந்து வலை ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தான். அவள் கேட்டபோது அவள் குரலில் ஒரு களைப்பு தெரிந்தது. இந்தக் கேள்வியை இவள் சாகும்வரை தூக்கிக்கொண்டு திரிவாள் என்று அவனுக்குத் தோன்றியது.

"நான்தான் விட்டேன்" என்றான்.

சலூத்தின் கை நின்றது. அவன் நூலைக் கீழே வைத்தான். எழுந்து வந்து அடிப்பாள், அல்லது மூட்டையைக் கட்டுவாள் என்று நினைத்தான். அவள் மீனைக் கழுவினாள், உப்புப் போட்டாள், எண்ணெய் காய்ந்ததும் சட்டியில் இட்டாள். இருவரும் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் அதைக் கேட்கவில்லை. வேறு பேச்சும் அநேகமாக நின்றுபோயிற்று.

ஓராண்டு முடிந்து துக்கம் இறக்கும் பூசைக்கு அவள் தனியாக சாமாருக்குக் கிளம்பினாள். அப்டோன் படகுத்துறை வரை பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். திரும்பி வருவியா என்று கேட்க நினைத்து, பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார் என்று சொல்லி அனுப்பினான். ஒரு வாரம் என்று சொல்லிவிட்டுப் போனவள் மூன்று வாரம் வரவில்லை. போனும் இல்லை. அவன் தானே சமைத்துச் சாப்பிட்டான். அவளுடைய துணி இரண்டு கொடியில் இருந்தது. மழை வந்தபோது எடுத்து உள்ளே போட்டான், வெயில் வந்ததும் மறுபடியும் அங்கேயே காயப்போட்டான்.

நவம்பர் நடுவில் ஒரு மதியம் அவள் வந்து சேர்ந்தாள். கறுப்பு உடை இல்லை. ஒரு சாக்கில் ஊர்க் கிழங்கு கொண்டுவந்திருந்தாள். இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"அம்மா கேட்டாங்க. எப்படி ஆச்சுன்னு கேட்டாங்க. ஒரு வருஷமா கேக்காம இருந்தவங்க."

அப்டோன் நின்றுகொண்டிருந்தான்.

"உன் கையிலேர்ந்து விட்டுப்போச்சுன்னு சொன்னேன்."

"நான் உங்கிட்ட அப்படிச் சொல்லலையே."

"எங்கிட்ட நீ சொன்னது எனக்கு. அம்மாகிட்ட நான் சொன்னது அம்மாவுக்கு."

"நம்பினாங்களா?"

சலூத் சாக்கின் வாயை அவிழ்த்துக் கிழங்குகளைத் தரையில் கொட்டினாள். வழியில் அழுகிப்போனவற்றைத் தனியே ஒதுக்க ஆரம்பித்தாள்.

"நம்பலைன்னுதான் நினைக்கிறேன். ஆனா அழுதாங்க. விடியவிடிய அழுதாங்க. உக்காரு, இதைப் பொறுக்கு. பாதிக்கு மேல போயிருச்சு."

அவன் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து பொறுக்கத் தொடங்கினான்.